கடவுச்சொல் யார் கையில்?

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. ஐந்நூற்றுச் சொச்சம் பங்குதாரர்கள். மணிலா, உளுந்து கொள்முதல் செய்கிறோம். விதை, உரம் விற்கிறோம். இயக்குநர்கள் ஏழு பேரும் விவசாயிகள்தான். ஒரு பில்லுக்குக் கையெழுத்து வாங்க மயிலத்துக்கும் ஒலக்கூருக்கும் மரக்காணத்துக்கும் பைக்கில் அலைய வேண்டியிருக்கிறது. பில் அனுமதி, பணப் பட்டுவாடா எல்லாம் செல்போனிலேயே நடந்துவிடும் என்று ஒரு கம்பெனிக்காரர் மென்பொருள் விற்க வந்தார். வருடத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டுமாம். வாங்கலாமா?
பெயர் வெளியிட விரும்பாத இயக்குநர், திண்டிவனம்

பதில்: அலைச்சல் உண்மைதான். அதனால் வீணாவது பெட்ரோல் மட்டும் இல்லை. மணிலா பிடுங்கும் சமயத்தில் வியாபாரி களத்துக்கே வந்து, காயை உடைத்துப் பார்த்து, விலை பேசி, கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிறார். காய் ஆய்ந்த ஆட்களுக்கு அன்று சாயங்காலமே கூலி கொடுத்தாக வேண்டும். நிறுவனத்தில் திங்கட்கிழமை எடை போட்ட உறுப்பினர் வெள்ளிக்கிழமை வரை பணத்துக்குக் காத்திருந்தால், மூட்டைக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் அடுத்த பட்டத்தில் அந்தப் பக்கம் வரமாட்டார். உழவர் நிறுவனங்கள் படுத்துப்போவதற்கு விலையைவிட இந்தத் தாமதமே பல இடங்களில் பெரிய காரணம்.

எனவே ஒப்புதல் வேலையைக் கணினிக்கு மாற்றும் யோசனை சரியானதே. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஏழு இயக்குநர்களும் ஒரு நாள் உட்கார்ந்து, விழுப்புரம் மாவட்டத்தில் 2020-ல் நடந்ததை நினைத்துப் பார்ப்பது நல்லது. அது கீழே வருகிறது. அதற்கு முன், விற்க வந்தவர் என்ன பொருளை விற்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தாலுகா அலுவலகத்தில் கொடுத்த மனு எப்படிப் போகும் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். தபாலில் பதிவார்கள், எழுத்தரிடம் போகும், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அறிக்கை எழுதுவார்கள், துணை வட்டாட்சியர் பார்ப்பார், கடைசியில் வட்டாட்சியர் கையெழுத்து. ஒப்புதல் மென்பொருள் என்பது இந்தப் பாதையைக் கணினியில் வரைந்து வைப்பதுதான். அதில் ஒரு படிவம் இருக்கும். அந்தப் படிவம் யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்ற வரிசை இருக்கும். எந்தத் தொகைக்கு யார் ஒப்புதல் என்ற விதி இருக்கும். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஒப்புதல் கொடுத்தார் என்ற பதிவு இருக்கும். மற்றதெல்லாம் அலங்காரம்.

இதற்கு அருகிலேயே உதாரணம் உண்டு. 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தை, அதாவது இ-நாம், தமிழ்நாட்டின் பல ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நடக்கிறது. வாயிலில் சரக்கு பதிவாகும்போதே குவியலுக்கு ஓர் எண் விழும். தரம் பார்த்துப் பதிவார்கள். வியாபாரிகள் தங்கள் விலையைக் கணினியிலோ செல்போனிலோ போடுவார்கள். விலைக்கு விவசாயி சம்மதித்தால் எடை, அதன்பின் விற்பனைச் சீட்டு, அதன்பின் வங்கிக் கணக்கில் பணம். முந்தின படி முடியாமல் அடுத்த படி திறக்காது. எடையைப் பதியாமல் சீட்டுப் போட முடியாது. ஒரு நல்ல ஒப்புதல் மென்பொருளில் எதிர்பார்க்க வேண்டியது இந்த ஒழுங்குதான்.

இனி 2020. பிரதமரின் விவசாயி நிதியுதவித் திட்டம், மக்கள் வாயில் பி.எம். கிசான், 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. வருடத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 வீதம் மூன்று தவணை. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதே வருடம் நிலம் உள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் விரிந்தது. வருமான வரி கட்டுகிறவர்கள், அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் போன்றோருக்குக் கிடையாது.

அலைச்சலைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், விவசாயி கணினி மூலம் தானே பதிவு செய்துகொள்ளும் வழி திறக்கப்பட்டது. கொரோனா ஊரடங்கு வந்தபோது அலுவலகத்துக்கு நேரில் வருவது குறைந்தது. பதிவான பெயர்களை அலுவலர் தன் லாகினில் பார்த்து, நில ஆவணத்தோடு சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால் பட்டியல் மேலே போகும். அதன்பின் எல்லாம் தானாக நடக்கும். டெல்லியிலிருந்து பணம் நேரே வங்கிக் கணக்கில் விழும். பாதை சரியாகத்தான் வரையப்பட்டிருந்தது. இடையில் ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்ற படியும் அதில் இருந்தது.

அந்த மனிதரின் லாகினும் கடவுச்சொல்லும் வேறு கைகளுக்குப் போய்விட்டன. ஒப்பந்தப் பணியாளர்கள் சிலர் வழியாகத் தரகர்களுக்குப் போயின. நிலமே இல்லாதவர்களிடம் ஆதாரையும் வங்கிப் புத்தக நகலையும் வாங்கிப் பதிந்தார்கள். ஒப்புதலையும் அவர்களே கொடுத்துக்கொண்டார்கள். இதற்குத் தலைக்கு ஒரு தொகை. 2020 ஆகஸ்டில் பயனாளிகள் எண்ணிக்கை திடீரென்று ஏறியதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. விழுப்புரம், அதிலிருந்து 2019 நவம்பரில் பிரிந்த கள்ளக்குறிச்சி, பக்கத்தில் கடலூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் இது வெளியே வந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போனது.

அப்போது வேளாண்மைத் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி, 2020 செப்டம்பரில் முறைகேட்டின் அளவை 110 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிவித்தார். அந்த நேரத்தில் 18 பேர் கைதாகியிருந்தார்கள், 80 பேர் பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள், 34 அலுவலர்கள் மீது துறை நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. பின்னால் மத்திய அரசு வெளியிட்ட கணக்கில், ஆய்வு செய்த 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் தகுதியில்லாதவை. ஆளுக்கு ஒரே ஒரு தவணை, 2,000 ரூபாய், என்று பெருக்கினாலே 107 கோடியே 60 லட்சம் வருகிறது.

பணத்தைத் திரும்ப வாங்கும் வேலை இன்னும் கசப்பானது. வங்கிகளில் கணக்குகள் நிறுத்தப்பட்டன. இருந்த பணம் திரும்ப எடுக்கப்பட்டது. அலுவலர்கள் வீடு வீடாகப் போனார்கள். ‘கொரோனா பணம் வருதாம், ஆதாரைக் கொடு’ என்று யாரோ சொன்னதை நம்பிக் கொடுத்த கூலிக்காரர்கள், வயதான பெண்கள் பலர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். கமிஷன் வாங்கியவர் போய்விட்டார். 2,000 ரூபாயையும் இவர்கள் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. தகுதியுள்ள விவசாயிகளுக்கும் அதன்பின் புதுப்பதிவு எளிதாக நடக்கவில்லை. ஒவ்வொரு மனுவையும் இரண்டு தடவை, மூன்று தடவை பார்க்கத் தொடங்கினார்கள்.

கடவுச்சொல்லை எதற்காக அடுத்தவரிடம் கொடுத்தார்கள் என்று கேட்டால், எல்லோரும் காசுக்காகக் கொடுக்கவில்லை என்பதுதான் பதில். ஒரு வட்டாரத்தில் விதைக்கு ஒரு தளம், பயிர்க் காப்பீட்டுக்கு ஒன்று, சொட்டுநீருக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று என்று திட்டத்துக்குத் திட்டம் கணினி வேலை. அலுவலர் வயலுக்குப் போக வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும். ‘நீயே உள்ளே போய் முடிச்சுடுப்பா’ என்று கணினி தெரிந்த பையனிடம் சொல்வது பழக்கமாகிவிடுகிறது. இதே பழக்கம் உழவர் நிறுவனத்திலும் வரும், நிச்சயமாக வரும். இயக்குநருக்குக் கண் சரியாகத் தெரியாது, அவருடைய போனை மகன் வைத்திருப்பான், ஓ.டி.பி. எண்ணைக் கணக்காளர் போனில் கேட்டு வாங்கிக்கொள்வார். ஆறு மாதத்தில் ஏழு இயக்குநர்களின் ஒப்புதலும் ஒரே மேசையில் நடக்கும். காகிதக் காலத்தில் இதற்குச் சமமானது, வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அதைச் செய்யத் தயங்குகிற இயக்குநர்கூட ஓ.டி.பி.யைச் சொல்லத் தயங்குவதில்லை.

எனவே மென்பொருள் வருவதற்கு முன்பே இயக்குநர் கூட்டத்தில் முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியவை சில. பதிபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆளாக எந்த நாளும் இருக்கக் கூடாது. வங்கிகளின் நிறுவன இணைய வங்கிச் சேவையில் இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது. கணக்காளர் பணம் அனுப்பப் பதிவார், வேறொருவர் தன் லாகினில் அனுமதித்தால்தான் போகும். மென்பொருள் வாங்காவிட்டாலும் இதை வங்கிக் கிளையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பல நிறுவனங்களுக்கு இது மட்டுமே பாதி அலைச்சலைக் குறைத்துவிடும்.

அடுத்தது தொகை வரம்பு. எல்லாப் பில்லுக்கும் ஏழு பேர் ஒப்புதல் என்று வைத்தால் மென்பொருள் வந்தும் பயனில்லை; பைக் அலைச்சல் போய் போன் அலைச்சல் வரும். உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அன்றாடக் கொள்முதல் பணத்தை, இயக்குநர் குழு அந்த வாரத்துக்கு நிர்ணயித்த விலைக்குள் இருந்தால், அவரும் ஓர் இயக்குநரும் அனுமதித்தால் போதும். உதாரணத்துக்கு, ஒரு லட்சத்துக்கு மேல் போனால் இரண்டு இயக்குநர்கள், இயந்திரம் வாங்குவது போன்ற பெரிய செலவுக்குக் குழுக் கூட்டம் என்று வைக்கலாம். வரம்பு எவ்வளவு என்பது நிறுவனத்தின் வரவு செலவைப் பொறுத்தது. உறுப்பினருக்கு 24 மணி நேரத்துக்குள் பணம் போக வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு எத்தனை கையெழுத்து தாங்கும் என்று பின்னோக்கிப் போவதுதான் சரியான வழி.

ஒப்புதல் தர வேண்டியவர் ஊரில் இல்லை, போன் எடுக்கவில்லை என்றால்? குறிப்பிட்ட நேரம் கழித்துத் தானாக அடுத்த இயக்குநருக்குப் போகும்படி வைக்கலாம். ஆனால் தானாகவே ஒப்புதல் ஆகிவிடும்படி வைக்கவே கூடாது. விற்க வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றுபோலப் பேசுவார்கள். வசதி என்று சொல்வார்கள். பணம் வெளியே போகிற எந்தப் படியும் மனிதர் கை படாமல் திறக்கக் கூடாது. விதை இருப்பு குறைந்தால் செய்தி அனுப்புவது, பங்குதாரர் கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்புவது, பில் எண் போடுவது போன்றவை தாராளமாகத் தானாக நடக்கட்டும்.

எடை, ஈரப்பதம், உடைப்புத் திறன் ஆகியவற்றைப் பதிவது இன்னொரு இடம். நிறுவனத்தின் பணம் கசிவது பெரும்பாலும் அங்கேதான், ஒப்புதலில் இல்லை. களத்தில் தப்பாகப் பதிந்த எடைக்கு ஏழு இயக்குநர்கள் சரியாக ஒப்புதல் கொடுத்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். எடை போட்டதும் உறுப்பினர் போனுக்கு மூட்டை எண்ணிக்கை, எடை, விலை மூன்றும் தமிழில் செய்தியாகப் போக வேண்டும். அவர் அதைப் பார்த்துத் தப்பு என்று சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். ஐந்நூறு உறுப்பினர்களைவிட நல்ல தணிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

விற்க வந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. ஒவ்வோர் இயக்குநருக்கும் தனி லாகின் உண்டா, அல்லது நிறுவனத்துக்கு ஒன்றா? ஒன்று என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். யார் எப்போது ஒப்புதல் கொடுத்தார் என்ற பதிவை முதன்மைச் செயல் அலுவலரோ, விற்ற கம்பெனியோ திருத்த முடியுமா? முடியும் என்றால் வேண்டாம். சந்தா கட்டுவதை நிறுத்தினால் மூன்று வருடக் கணக்கை எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? திரையில் எல்லாம் தமிழில் வருமா? நள்ளிரவில் ஒரே லாகினில் இருபது பில் அனுமதி ஆனால் மற்ற இயக்குநர்களுக்கு எச்சரிக்கை போகுமா? 2020-ல் அப்படி ஒரு மணி அடித்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

செலவு பற்றி. கட்டற்ற மென்பொருளான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் மும்பையில் உருவானது. அதில் கொள்முதல், இருப்பு, ஒப்புதல் வரிசை எல்லாம் உண்டு. உரிமத்துக்குக் காசில்லை, ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் காசு. தென்காசியில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ போன்ற கம்பெனிகள் மாதச் சந்தாவுக்குத் தருகின்றன. எதுவானாலும் ஒரு பட்டம் முழுவதும், அதாவது கார்த்திகை, மார்கழிப் பட்டத்தில் விதைத்த மணிலா வீட்டுக்கு வந்து பணம் பட்டுவாடா ஆகும் வரை, காகிதத்தையும் கணினியையும் சேர்த்தே நடத்திப் பார்ப்பது உத்தமம். மூன்று ஆண்டு நிர்வாகச் செலவு உதவித்தொகை முடிகிற கட்டத்தில் இருக்கும் நிறுவனம், அந்தத் தொகையை நம்பி நீண்ட சந்தாவில் கையெழுத்துப் போடக் கூடாது. அது நின்றபிறகு சந்தா உறுப்பினர்களின் லாபத்திலிருந்துதான் போகும்.

கண் தெரியாத, போன் பழகாத இயக்குநரை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அவரை ஒப்புதல் வரிசையில் வைத்து மகனிடம் போனைக் கொடுப்பதைவிட, அவரைக் களத்து எடையைப் பார்க்கும் பொறுப்பில் வைப்பது நிறுவனத்துக்கும் நல்லது, அவருக்கும் மரியாதை.

கேள்வி: பி.எம். கிசான் தளத்தில் என் எண்ணைப் போட்டுப் பார்த்தால் மாநில அரசு கையெழுத்திட்டது என்று ஆங்கிலத்தில் வருகிறது. இரண்டு தவணையாகப் பணம் வரவில்லை. கணினி மையத்தில் கேட்டால் ‘சர்வர் பிரச்சினை’ என்கிறார்கள். யாரைப் பார்ப்பது?
வாசகர், விக்கிரவாண்டி

பதில்: தளத்தில் காட்டும் சொற்கள், மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. ஆர்.எஃப்.டி. கையெழுத்தானது என்றால், இந்தப் பெயருக்குப் பணம் அனுப்பலாம் என்று மாநில அரசு எழுதி அனுப்பிவிட்டது என்று அர்த்தம். எஃப்.டி.ஓ. உருவானது, பணம் உறுதியாகவில்லை என்று வந்தால் பண மாற்ற ஆணை போட்டாகிவிட்டது, வங்கிப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. இந்த இரண்டு நிலையிலும் வட்டார அலுவலகத்தில் போய் நிற்பதில் பெரிய பயன் கிடையாது.

அதே பக்கத்தில் மூன்று விவரங்கள் ஆம், இல்லை என்று வரும். அவைதான் முக்கியம். நில ஆவண இணைப்பு ‘இல்லை’ என்றால் பட்டா, சிட்டா, ஆதாரோடு உதவி வேளாண்மை அலுவலரையோ வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ பார்க்க வேண்டும். இ-கே.ஒய்.சி. ‘இல்லை’ என்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். ஆதாரில் இணைந்த செல்போன் கையில் இருந்தால் வீட்டிலேயே ஓ.டி.பி. மூலம் முடிக்கலாம், ரேகை தேய்ந்த கைகளுக்கு, வயல் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேருக்கு அப்படித்தான், செயலியில் முகத்தைக் காட்டிச் செய்யும் வழியும் உண்டு. ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைப்பு ‘இல்லை’ என்றால் வங்கிக் கிளைக்குத்தான் போக வேண்டும்; அல்லது அஞ்சல் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் ஆதார் இணைத்த கணக்குத் தொடங்கலாம். உதவி எண் 155261. கணினி மையத்துக்காரரிடம் ‘சர்வர்’ என்ற பதிலோடு திரும்பாமல், இந்த மூன்றில் எது இல்லை என்று பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றும் ஆம் என்று இருந்தும் பணம் வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். பட்டாவில் தகப்பனார் பெயரோடு முழுப்பெயர், ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், வங்கியில் பின்னால், ஆங்கில எழுத்தில் ஓர் ஒலிக்கு இரண்டு விதம். பார்க்கிற மனிதருக்கு ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்கு மூன்று பேர். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் இந்தத் தொல்லை இங்கே அதிகம். முதலில் ஆதாரைச் சரிசெய்து, அதன்படி வங்கியையும் பதிவையும் மாற்றினால் ஒரே தடவையில் முடியும். பட்டா இன்னும் காலமான தகப்பனார் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றோடு பட்டா மாற்றம் முதலில் ஆக வேண்டும்.

கணினி தானாக முடிவெடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஓர் உதாரணம். அங்கே அரசு உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிடமிருந்து எடுத்து, இரண்டு வாரங்களுக்குச் சராசரியாகப் பிரித்து, ‘நீங்கள் கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்’ என்று 2016 முதல் கணினியே நோட்டீஸ் அனுப்பியது. மூன்று மாதம் வேலை, ஒன்பது மாதம் சும்மா என்று இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அறுவடைக்கு மட்டும் காசு பார்க்கிற விவசாயிக்குச் சராசரி போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் விஷயம் புரியும். 2019-ல் நீதிமன்றத்தில் அது சட்டப்படி செல்லாது என்று ஆனது; வசூலித்ததை அரசு திருப்பிக் கொடுத்தது; 2023-ல் விசாரணை ஆணையம் கடுமையாக எழுதியது. அந்த மக்கள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதும் இந்த வாசகர் கேட்டதுதான்: யாரைப் பார்ப்பது?

2025-ல் கிராமந்தோறும் முகாம் நடத்தி விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆதார், நிலம் இரண்டும் அதில் ஒன்றாக இணைகின்றன. இன்னும் எடுக்காதவர்கள் எடுத்துவிட வேண்டும். பதியும்போது தன் பெயரில் உள்ள எல்லாப் புல எண்களும் வந்திருக்கின்றனவா என்று திரையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஒன்று விடுபட்டால் பின்னால் அந்த நிலத்துக்கான மானியத்துக்கும் காப்பீட்டுக்கும் சிக்கல் வரலாம். ஓ.டி.பி. வந்தால் எதற்கு வந்தது என்று படித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: கிரயம் பதிந்த உடனே பட்டா தானாக மாறிவிடும் என்றார்கள். என் மனு மாதக்கணக்காக நிலுவையில் இருக்கிறது. ஏன்?
வாசகி, செஞ்சி

பதில்: புல எண் அல்லது உட்பிரிவு முழுவதையும் வாங்கியிருந்தால்தான் அப்படி மாறும். பத்திரப் பதிவு விவரம் கணினி வழியே வருவாய்த் துறைக்குப் போய்விடும். ஒரு புல எண்ணில் 40 சென்ட் மட்டும் வாங்கியிருந்தால் அதை அளந்து பிரித்து, வரைபடத்தில் கோடு போட்டு, புது உட்பிரிவு எண் கொடுக்க வேண்டும். அது நில அளவர் நேரில் வந்து செய்கிற வேலை. உட்பிரிவுக் கட்டணம் கட்டிய ரசீதையும் மனு எண்ணையும் வைத்துக்கொண்டு, மனு நில அளவரிடம் இருக்கிறதா, துணை வட்டாட்சியரிடம் இருக்கிறதா என்று இ-சேவைத் தளத்தில் முதலில் பார்க்க வேண்டும். நில அளவரிடம் என்றால், அளக்க வரும் தேதியைக் கேட்டு, பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் ஒரே நாளில் கல் நட்டுவிடலாம். வரப்பில் பயிர் இருந்தால் அறுப்புக்குப் பின் ஒரு தேதி கேட்பது இரண்டு தரப்புக்கும் நல்லது.